ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்ல புது ஓஎஸ் (கப்பல்ல கீழ்நிலை மாலுமி) என்ன வார்த்தை சொல்லணும்?

குடியாத்தம்_தம்பி:
ஜிபி ரேட்டிங் (மாலுமிப் பயிற்சி) முடிச்சு காட்பாடி, குடியாத்தம் பக்கமிருந்து முதல் கப்பல் ஏறப்போற பசங்களுக்காகக் கேட்கிறேன். ஆபத்துன்னா யார் வேணும்னாலும் வேலையை நிறுத்தலாம்னு கம்பெனி கார்டு கொடுக்குது. ஆனா போசன் (டெக் மாலுமிகளோட மேஸ்திரி) சரக்கு அறையைக் காட்டி "ஹோல்டுல இறங்குடா"ன்னா வாய் வருமா? அடுத்த கான்ட்ராக்ட் போயிடுமோன்னு பயம். விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

சீஃப்_ஆஃபிசர்_ஆற்காடு:
தம்பி, "பயமா இருக்கு"ன்னு சொன்னா தைரியம் சொல்லி உள்ளே அனுப்பிடுவாங்க. குறை எதுன்னு குறிப்பா சொல்லணும்: "போசன், பர்மிட்ல அடிமட்ட ரீடிங் எழுதல. எழுதினதும் இறங்கறேன்." வேலை செய்ய மறுத்தான்னு யாரும் பேச முடியாது.

பர்மிட்னா மூடின இடத்துல இறங்க எழுதித் தர்ற அனுமதி, ரீடிங்னா உள்ளே இருக்கிற காத்தை அளந்த கணக்கு. என்ன ரீடிங் இருக்கணும்? ஆக்ஸிஜன் 21 சதவீதம் (மீட்டர்ல 20.9 காட்டும்). எரியற வாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைஞ்சபட்ச அளவுல 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விஷவாயு, அனுமதிச்ச அளவுல பாதியைத் தாண்டக்கூடாது. ஆக்ஸிஜன், எரியற வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நாலையும் அளக்கிற மீட்டர் கப்பல்ல இருக்கணும்னு 2016 ஜூலையிலிருந்து சோலாஸ் (கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி.

தப்பு நடக்கிறது இங்கதான்: மீட்டரை மேன்ஹோல் (ஆள் இறங்குற துளை) வாயிலயே பிடிச்சு 20.9ன்னு எழுதிடறாங்க. ஹோஸ் விட்டு மேல், நடு, அடி மூணு மட்டத்திலயும் பார்க்கணும். "ஹேட்ச் திறந்துதானே இருக்கு"ன்னு ஹோல்டோட மேல்மூடியைக் காட்டிச் சொன்னா ஏமாறாதீங்க. இறங்குற ஏணி இருக்கிற மூடின கூண்டுக்குள்ள காத்து தனியா தேங்கி நிக்கும். நிலக்கரியும் மரத்தடியும் ஆக்ஸிஜனைத் தின்னுடும். செயின் லாக்கர்ல (நங்கூரச் சங்கிலி அறை) சரக்கே இல்லாட்டியும் துருவே தின்னுடும்.

குடியாத்தம்_தம்பி:
"காலையிலதான் பார்த்தோம்"னு சொன்னா?

சீஃப்_ஆஃபிசர்_ஆற்காடு:
சாப்பாட்டு இடைவேளை விட்டாலும், ஃபேன் நின்னாலும் மறுபடி அளந்தே ஆகணும். ஃபேன் நின்னா உள்ளே இருக்கிறவங்க முதல்ல வெளியே வரணும்.

ராணிப்பேட்டை_சேஃப்டி:
நம்ம ஊர் தோல் கம்பெனி கழிவுத்தொட்டியில எமனா இருக்கிற அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் கப்பல் கழிவுநீர் டேங்க்லயும். 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வந்தா மூக்கே மரத்துப்போகும். நாத்தம் போச்சேன்னு நம்பி இறங்காதீங்க. மயங்கினவனைத் தூக்கப் போறவன்தான் ரெண்டாவது பிணம். வாசல்ல நிக்கிற ஆள் எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக்கூடாது: அலாரம், ரேடியோ, மூச்சுக்கருவி போட்ட குழு, இதே வரிசை. இந்தப் பயிற்சி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம். நடத்தாமலே லாக்புக்ல எழுதறதை மன்னிக்கவே முடியாது.

கேப்டன்_வாலாஜா:
பாரத்தை ஓஎஸ் தலையில மட்டும் வைக்காதீங்க. வேலைக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல "எல்லாம் புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. "எதைப் பார்த்தா வேலையை நிறுத்துவே?"ன்னு கடைசிப் பையன்கிட்ட முதல்ல கேட்கணும். அவன் நிறுத்தினது தேவையில்லாததா முடிஞ்சாலும், எல்லார் முன்னாடியும் "நல்லது செஞ்சே"ன்னு சொல்லணும். ஒருத்தனை ஒரு தடவை முறைச்சா, அந்தக் கப்பல்ல அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டான். சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) அவசரப்படுத்தினாலும், பாதுகாப்புல கடைசி முடிவு கேப்டன் கையில்தான்னு ஐஎஸ்எம் கோடே (கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான சர்வதேச விதித்தொகுப்பு) சொல்லுது.

கான்ட்ராக்ட் பயத்துக்கு: எம்எல்சி 2006 (மாலுமிகளோட உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தம்) படி கப்பல்லயே புகார் கொடுக்கிற முறையோட பிரதி உங்க கையில கொடுக்கணும், ஏறினதும் கேட்டு வாங்குங்க. நேரா கேப்டன்கிட்டயே போகலாம், புகார் கொடுத்தவனைப் பழிவாங்கவும் கூடாது. அதுக்கும் மேல கரையில டிபிஏ (கம்பெனியில கப்பல் பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரி) இருக்கார். நம்பர் நோட்டீஸ் போர்டுல இருக்கும், முதல் நாளே போன்ல ஏத்திக்குங்க. தேதி, நேரம், இடம், ரீடிங், யார் என்ன சொன்னாங்க, இவ்வளவும் அன்னைக்கே எழுதி வைங்க. வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் பின்னாடி வேற கதை சொன்னா, டிஜி ஷிப்பிங்ல (மத்திய அரசோட கப்பல் துறை இயக்ககம்) காட்ட அந்தத் தாள் வேணும்.