‘பர்ஜ்’: ஒரு சொல் போதாது

வணக்கம்.

உயிரிவாயுவும் மின்பகுப்பு ஹைட்ரஜனும் கொண்டு மெத்தனால் செய்யும் சிறு ஆலைக்கான சொற்பட்டியலில் ‘பர்ஜ்’ (purge) வரும் இடமெல்லாம் ‘வெளியேற்றம்’ என்று போட்டிருக்கிறது. அது சரிப்படாது. அந்தச் சொல் குறிப்பவை இரு வேறு வேலைகள்.

ஒன்று, ஓட்டத் தொடங்குமுன் நைட்ரஜனால் காற்றை விரட்டுவது. தனி அழுத்தம் (வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளப்பது) 5 பார் வரை நிரப்பி 1 பாருக்கு இறக்கினால் ஆக்சிஜன் ஐந்தில் ஒன்றாகும்: 21 விழுக்காடு 4.2 ஆகும், அடுத்து 0.84, மூன்றாம் முறை 0.17. இதற்கு ‘அலசல்’ போதும், விளக்கமே வேண்டாம்.

மற்றதுதான் சிக்கல். செம்பு–துத்தநாக ஆக்சைடு வினையூக்கியில் ஒரு முறை செல்லும் வளிமத்தில் ஒரு பகுதிதான் மெத்தனாலாகும். குளிர்வித்துப் பிரித்தபின் மிச்சத்தை உலைக்கே திருப்புகிறோம். சீர்மாற்றியில் (உயிரிவாயுவின் மீத்தேனை ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாற்றும் கலன்) தப்பிய மீத்தேனும், கூடவே வந்த நைட்ரஜனும் வினைப்படாமல் சுற்றில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கொஞ்சத்தை இடைவிடாமல் வெளியே விட்டாக வேண்டும். புதுவரவில் (சுற்றுக்குள் புதிதாக வரும் வளிமத்தில்) இவை 1 விழுக்காடு, சுற்றில் 20 வரை பொறுக்கலாம் என்றால், புதுவரவில் இருபதில் ஒரு பங்கை விட வேண்டும். மணிக்கு 20 கனமீட்டர் வந்தால் 1 கனமீட்டர்.

இப்படி வெளியே விடுவதற்கு ‘கலிங்கு’ அழகான சொல்தான். ஆனால் ஏரிக் கலிங்கில் மிகுநீர் மட்டுமே வழியும்; இங்கே போவது சுற்றில் உள்ள அதே கலவை. ‘ஒழுக்கு’ என்றால் ஹைட்ரஜன் கசிகிறதென்று ஆள் ஓடுவார். ‘கழிவளி’யும் வேண்டாம்: இதில் பெரும்பங்கு ஹைட்ரஜன், சீர்மாற்றியின் எரிப்பானுக்கே எரிபொருளாகப் போகிறது, கழிவு அல்ல. நான் சொல்வது ‘விடுவளி’. விடுவளிக் குழாய், விடுவளி வீதம் எனக் கூட்டுச்சொற்களும் இடறவில்லை.

மறுமொழி:

விடுவளி எனக்குச் சம்மதம். ‘அலசல்’ ஆய்வுக் கட்டுரைத் தலைப்பு மாதிரி ஒலிக்கிறது, ஆனாலும் ‘நைட்ரஜன் அலசல்’ என்று சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது.

சொல்லோடு விளக்கத்தில் இரண்டைச் சேருங்கள். எடுக்கும் இடம்: குளிர்ந்த மெத்தனாலைப் பிரிக்கும் பிரிகலனுக்குப் பின், புதுவரவு சேருமுன். அங்கேதான் வினைப்படாதவை செறிவாகவும் மெத்தனால் ஆவி குறைவாகவும் இருக்கும். அடுத்து, விடுவளிக் குழாய் அடைபட்டால் தெரியும் அறிகுறி: சுற்றின் அழுத்தம் மெல்ல ஏறும், அழுத்தத்தை நிலையாக வைத்து ஓட்டினால் புதுவரவு குறையும், பிரிகலனில் திரவமட்டம் ஏறத் தாமதமாகும். 60 பாரில் 20 விழுக்காடு வினைப்படாதவை என்றாலே வினைக்கு மிஞ்சுவது 48 பார். வினையூக்கி செத்துவிட்டதென்று நினைத்து வெப்பத்தை ஏற்றுவார்கள்; 300 பாகை செல்சியசை நெருங்கினால் செம்புத் துகள்கள் ஒட்டித் திரண்டு, அது உண்மையிலேயே செத்துவிடும்.

நைட்ரஜன் எங்கிருந்து வருகிறதென்பதும் ஒரு வரி வரட்டும். உயிரிவாயு உண்டாகும் சாணக்கலனில் கந்தகம் நீக்கக் காற்றைச் செலுத்தினால் ஆக்சிஜன் செலவாகும், நைட்ரஜன் அப்படியே நிற்கும். இரும்பு ஆக்சைடுப் படுகையில் நீக்கினால் விடுவளி வீதத்தைக் குறைக்கலாம், ஹைட்ரஜனும் மிச்சம்.