புதுப்பிப்பு: சிங்க் கழிவுக் குழாய்க் கசிவு நின்றது

செல்லூர் வீட்டில் சிங்க் மாற்றியதும் அதன் வடிகால் வாய், சுவர்க் குழாய்க்கு நேராக வராமல் விலகிப்போனது. இழுத்துச் செருகிய நெளிகுழாய் கசிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சொட்டு ஈரமில்லை.

சுவரை உடைக்கச் சொன்னார் பிளம்பர். அதற்கு அவசியமே இல்லை. சிம்மக்கல்லில் பி டிராப் (நீர் தேங்கி நிற்கும் வளைவுள்ள கழிவுக் குழாய்) வாங்கினேன். மரையைத் தளர்த்தினால் அதன் வளைவும் கிடைக்குழாயும் தனித்தனியே இடவலமாகத் திரும்பும். அப்படித் திருப்பியதிலேயே முக்கால்வாசி விலகல் சரியாகிவிட்டது. மீதிக்கு இரண்டு 45 பாகை எல்போக்கள் (வளைந்த இணைப்புத் துண்டுகள்). சுவரை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்தேன். வளைவில் தேங்கும் நீர் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது, கரப்பானும் ஏறவில்லை. நெளிகுழாயின் மடிப்புகளிலோ சோற்றுப்பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக் கிடந்தன. கழற்றியவுடன் குப்பைக்குப் போனது!

வாஷரின் கூம்பு முனை இணைப்புக்குள் நுழையும்படி வைத்து, மரையைக் கையாலேயே முறுக்கினேன். ரெஞ்சு போட்டால் பிளாஸ்டிக் மரை விரிசல் விடும்.