ரங்கூன்ல பழைய வண்டி ஓட்டுனவங்க எல்லாம் வாங்க, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

சிரியம் டிரைவர்:

நம்ம ஆளுங்க பழைய காரப் பத்தி வாயத் தொறந்தாலே "அந்தக் காலத்து இரும்பு இனிமே வருமா"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடு கெடையாதுங்க. 2011க்கு முன்னாடி ரங்கூன்ல பழைய வண்டிக்கு இருந்த மவுசு இரும்பால வந்ததில்ல, பெர்மிட்டால வந்தது. வெளிய இருந்து கார் எறக்க சாதாரண ஆளுக்குப் பெர்மிட் கெடைக்காது, அதனால ஜப்பான்ல காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய 80கள் சலூன் காரு இங்க வீட்டு விலைக்குப் போச்சு. வாங்கி அஞ்சாறு வருஷம் நல்லா ஓட்டிட்டு வாங்குனதுக்கு மேலயே வித்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. இதுக்குப் பேரு நல்ல வண்டியா?

ஆனா ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நீலக் கலர் லே பெயின், அதாவது ஆள் ஏத்துற குட்டி டிரக், மாஸ்டா பி600. 577 சிசி, ரெண்டு சிலிண்டர், ரேடியேட்டரே கெடையாது, காத்துலயே ஆறிக்கும். பின்னால பலகை போட்டு எத்தன பேர ஏத்துவாங்கன்னு கணக்கே இல்ல, உள்ள இருக்கவங்க, தொங்குறவங்க, மேல காய்கறி மூட்டை, கோழிக்கூட வேற. அதுவும் முனகிக்கிட்டே போகும், ஆனா போயிரும்.

ஓட்டுற அனுபவம்னா எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது ஓவர்டேக்தான். 1970 டிசம்பர்ல நாடு பூரா இடது பக்கம் ஓடிட்டிருந்த வண்டிய வலது பக்கம் மாத்திட்டாங்க, சட்டம் மாறுச்சு, ஸ்டியரிங் மாறல. அதுக்கப்பறம் வந்த ஜப்பான் வண்டிங்களும் வலது ஸ்டியரிங்தான். அப்ப என்னாவும், டிரைவர் ரோட்டு ஓரத்துல உக்காந்திருப்பாரு, முன்னால ஒரு லாரி போனா எதுத்தாப்ல என்ன வருதுன்னு அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எங்க மாமா ஓட்டுன லைன் கார்ல, அதான் ரூட்டுல ஆள் ஏத்துற வண்டில, சின்ன வயசுல இடது சீட்டுல உக்காந்து பாத்துச் சொல்றது என் வேல. "வருது மாமா, நில்லுங்க, இன்னொண்ணு, ம்ம் இப்ப போங்க"ன்னு பெகு ஊர் வரைக்கும் கத்திக்கிட்டே போவேன். அவரு என்கிட்ட சொல்லிக் குடுத்தது, லாரிக்குப் பின்னால ஒட்டாத, நல்லா தள்ளி நில்லு, ரோடு வலது பக்கம் வளையுற எடத்துல ஓரத்து வழியாவே முன்னால இருக்கறது தெரியும், அங்க பாத்து வச்சுக்கிட்டு நேர் ரோடு வந்ததும் ஏறு. இன்னிக்கும் நான் அப்படித்தான் ஓட்டுறேன், இப்ப இருக்க பசங்க லாரி வால்லயே மூக்க வச்சுக்கிட்டு மூஞ்சிய மட்டும் நீட்டிப் பாக்குறாங்க, பாக்கவே பகீர்னு இருக்கு.

மோல்மேன் பையன்:

அண்ணே பெர்மிட் கதை சரிதான், ஆனா இரும்ப அவ்ளோ லேசா ஒதுக்காதீங்க. கார்புரேட்டர் வண்டின்னா நடு ரோட்டுல நின்னாலும் ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு துணி, வாயால ஊதுனா கெளம்பிரும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அது இல்லாம முடியுமா, கவர்மெண்ட் கோட்டாவுல குடுக்கறது பத்தாது, மிச்சத்த ரோட்டோரத்து பாட்டில்ல வாங்கணும், அதுல என்ன கலந்திருக்கான்னு ஊத்துறவனுக்கே தெரியாது. எங்கப்பா கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற குட்டி ஓட்டை, அந்த ஜெட்ட கழட்டி ஊதுறத பாத்துத்தான் நான் மெக்கானிக் வேலைக்கே வந்தேன். இப்ப டொயோட்டா பிராபாக்ஸ் கார்ல ஒரு சென்சார் போச்சுன்னா மெக்கானிக் சயா (வாத்தியாரு) கம்ப்யூட்டர மாட்டணும்ங்கறாரு, மோல்மேன்ல ஒரு தடவ அந்தக் கம்ப்யூட்டருக்கே கரண்ட் இல்ல, என்னத்த சொல்ல.

கமாயுட் அக்கா:

நான் ஓட்டுனவ இல்ல, ஏறுனவ. திருவிழாவுக்கு பால்குடம், பூ, சாமான் எல்லாத்தோடயும் எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒரே லே பெயின்ல போவோம், இடுப்பு நிமிர ரெண்டு நாளாகும். தம்பி ரொம்ப அழகா எழுதிட்டாரு, அந்தப் பலகை மேல உக்காந்து பாருங்க அப்பறம் பேசலாம் 😀 எனக்கு ஏசி பிராபாக்ஸே போதும்.

பழைய கியர்:

பெட்ரோலுக்குப் பதிலா சிஎன்ஜி கேஸ் போட்ட காலத்த யாரும் சொல்லலியே? 2005 அக்டோபர்ல காலன் 180 கியாட் இருந்த பெட்ரோல் ஒரே ராத்திரில 1500 ஆச்சு, 2007 ஆகஸ்ட்ல 2500. டாக்சி ஓட்டுறவங்க எல்லாம் டிக்கில சிலிண்டர வச்சுட்டு கேஸ் பங்க் கியூவுல போய்ப் படுத்தோம். வண்டிக்குள்ளயே தூங்கி அங்கயே சாப்பிட்டு, முன்னால வண்டி நகந்தா ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கிட்டே போவோம், இருக்கற கேஸயும் எதுக்கு எரிக்கணும்னு. டிக்கில சிலிண்டர் இருக்கறதால சவாரி பெட்டிய மடியில வச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, மண்டலே எக்ஸ்பிரஸ்வேல பழைய டயர் போட்டுட்டுப் போறவங்களுக்கு ஒரு வார்த்த. அது கான்கிரீட் ரோடு, வெயில்ல டயர் ரொம்ப சூடாகும், பழைய டயர்ல வேகமா போனா வெடிச்சிரும், அப்படித்தான் எத்தனையோ பேர் போயிட்டாங்க. வழியில வண்டிங்க நிக்கற 115 மைல்ல டீ குடிக்க எறங்கறப்ப டயர் மேல கைய வச்சுப் பாருங்க. கை வைக்க முடியலன்னா இன்னொரு டீ சொல்லுங்க.

சிரியம் டிரைவர்:

அக்கா, பலகை விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி, நான் முன் சீட்டு ஆளு, எனக்குத் தெரியாது 🙏

தம்பி மோல்மேன், கார்புரேட்டர ஒத்துக்கறேன். ஆனா பாரு, 2011 செப்டம்பர்ல 40 வருஷத்துக்கு மேல ஓடுன வண்டிய ஒப்படைச்சா இறக்குமதி பெர்மிட் சிலிப் தர்றோம், அத வச்சு 1995ல இருந்து 2006 மாடல் வரைக்கும் எறக்கிக்கலாம்னு சொன்னதும், "உயிரு மாதிரி"ன்னு வச்சிருந்தவங்கதான் மொத வரிசைல நின்னாங்க. ஓடாத வண்டியக்கூட கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க, ஏன்னா காசு வண்டில இல்ல, சிலிப்ல இருந்துச்சு. இப்ப 2021 அக்டோபர்ல மறுபடி இறக்குமதிய நிறுத்துனதுல இருந்து அன்னிக்கு நம்ம சிரிச்ச பிராபாக்ஸ்க்கே தங்க விலை. போன வாரம் ஒருத்தரு என் வண்டியப் பாத்துட்டு "அந்தக் காலத்து இரும்பு அண்ணே, வித்துராதீங்க"ங்கறாரு. 2004 மாடல்ங்க அது!

யார்கிட்டயாவது பி600 கெடந்தா சொல்லுங்க, ஓடாட்டியும் பரவால்ல.