கெத்தாம் கறுப்பு வைரப் பாதை: புது வண்டி வாங்கினால் பயம் போகுமா?

புதுச்சங்கிலி:
எல்லாருக்கும் வணக்கம். வயது 38. சாலை சைக்கிளில் பல வருடப் பழக்கம் உண்டு, எம்டிபிக்கு (மலைப்பாதை சைக்கிளுக்கு) புதுசு. கைமாறி வந்த பழைய ஹார்ட்டெய்ல்தான் ஓட்டுகிறேன். முன்னால் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) கிடையாது, சீட் போஸ்ட் சாதாரணம். சிங்கப்பூரின் செஸ்ட்நட் பூங்காவில் சமாளித்துவிடுகிறேன். புலாவ் உபின் தீவில், கெத்தாம் சைக்கிள் பூங்காவின் நீலப் பாதையிலும் பிரச்சினை இல்லை. கடினமான பாதை என்று சொல்லும் கறுப்பு வைரப் பலகையைப் பார்த்ததும் விரல் தானாக பிரேக்கை இறுக்கிவிடுகிறது. இறக்கத்தின் நடுவில் நின்றுபோகிறேன். நின்றால் சாய்கிறேன்.

எங்கள் குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "முன்னாடியும் பின்னாடியும் அதிர்வு தாங்கி இருக்குற ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கு, தைரியம் தானா வரும்" என்கிறது. மற்றது, "வண்டியை மாத்தாதே, முதல்ல ஓட்டக் கத்துக்கோ" என்கிறது. நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்தக் கட்சியில் சேரட்டும்?

சேற்றுச்சக்கரம்:
முதல் கட்சி. யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் வண்டியின் ஹெட் ஆங்கிள் (தரையோடு முன் ஃபோர்க் சாயும் கோணம்) அநேகமாக 70, 71 பாகை இருக்கும். அந்தக் காலத்து கிராஸ் கன்ட்ரி (ஏற்ற இறக்கம் கலந்த பந்தய) வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். கரடுமுரடான பாதைக்கென்று இப்போது வரும் ட்ரெயில் வண்டிகளில் அது பெரும்பாலும் 64 முதல் 66 வரை. வெறும் நம்பர்தானே என்று நினைக்காதீர்கள். ஃபோர்க் சாய்வாக இருந்தால் முன் சக்கரம் உங்களுக்கு நல்ல தூரம் முன்னால் போய் நிற்கும். செங்குத்து இறக்கத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும். உங்கள் வண்டியில் முன் சக்கரம் ஏறக்குறைய உங்கள் மூக்குக்குக் கீழே. அதோடு சீட் வேறு உயரத்தில் நின்று, பின்னால் போகவிடாமல் தொடையைத் தடுக்கிறது. இந்த நிலையில் உங்கள் உடம்பு பயப்படுகிறது என்றால், அது சரியாகத்தான் கணக்குப் போடுகிறது.

2004, 2008 ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் ஜூலியன் அப்சலோன் ஹார்ட்டெய்லில் தங்கம் வாங்கினார். 2012 லண்டனில் யாரொஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் வாங்கினார். உலகத்தின் மிகச் சிறந்த கால்களே வண்டியை மாற்றிக்கொண்டன. நாம் ஏன் வீம்பு பிடிக்க வேண்டும்?

ஹார்ட்டெய்ல்_தாத்தா:
தம்பி சேற்றுச்சக்கரம், குல்ஹாவிக்கு வண்டி கொடுத்தது வேகம். இவருக்கு வேண்டியது நிதானம். இரண்டும் வேறு.

இந்த விளையாட்டே எப்படிப் பிறந்தது? கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976இல், ரீபேக் என்ற மண்பாதையில் பையன்கள் பந்தயம் விட்டார்கள். ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். வண்டியெல்லாம் பேப்பர் போடும் பையன்கள் வைத்திருந்த மாதிரி கனத்த பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. பாதைக்கு ரீபேக் என்று பேர் வந்ததே அதனால்தான். சஸ்பென்ஷனாவது, ஹெட் ஆங்கிளாவது.

புதுச்சங்கிலி, வீட்டுக்குப் பக்கத்தில் திடல் இருக்கிறதா? லேசான சரிவுள்ள புல்தரை போதும். எழுந்து நில்லுங்கள். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். குதிகாலைக் கீழே அழுத்துங்கள், முழங்கை வெளியே விரியட்டும். உடம்பின் பாரம் பாதத்தில் இருக்க வேண்டும், உள்ளங்கையில் அல்ல. பிரேக் மேல் ஒரே விரல். இப்போது முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, பின் சக்கரம் லேசாகும் இடம் எது என்று பாருங்கள். அதை உடம்பு தெரிந்துகொள்ளும்வரை செய்யுங்கள். செலவு சைபர்.

சேற்றுச்சக்கரம்:
தாத்தா, ரீபேக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பழைய வண்டி தாங்கவில்லை என்பதால்தான் ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார். அவர்களே வண்டியை மாற்றிய கதை அது. எனக்குச் சாட்சி தேடிக் கொடுத்ததற்கு நன்றி.

ஹார்ட்டெய்ல்_தாத்தா:
ஓட்டத் தெரிந்த பிறகு மாற்றினார்.

வேகவரதன்:
ரெண்டு பேரும் அளவுக்கு மேல யோசிக்கிறீங்க. அண்ணே, உங்க பிரச்சினை வண்டியும் இல்ல, திடலும் இல்ல. மெதுவா போறதுதான். நடக்குற வேகத்துல போனா முன் சக்கரம் ஒவ்வொரு வேர்லயும் முட்டி நிக்கும். கொஞ்சம் வேகம் இருந்தா அதே வேர் மேல உருண்டு போயிடும். தெரிஞ்சவங்க ஒருத்தர் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போங்க, அவர் பிரேக் பிடிக்காத இடத்துல நீங்களும் பிடிக்காதீங்க. முடிஞ்சுது.

தேன்மொழி_ஈசூன்:
வேகவரதன், "முடிஞ்சுது" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் பலருக்குக் காறை எலும்பும் முறிந்து முடிகிறது.

முதல் பாதி சரி. நின்றுபோகும் அளவுக்கு மெதுவாகப் போனால் விழத்தான் வேண்டும். ஆனால் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால், அவர் எதைப் பார்த்தார், எங்கே பாரத்தை மாற்றினார் என்று ஒன்றும் தெரியாது. அவர் தப்பு செய்தால் நீங்களும் சேர்ந்து செய்வீர்கள். பெண்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: "யோசிக்காம பின்னாடி வா" என்று யாராவது சொன்னால், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக் ஞாபகம் இருக்கிறதா? 2021 ஜூலை, இஸூ பாதை. ஒரு பாறையிலிருந்து இறங்கும் இடத்தில் பயிற்சியின்போது பலகை போட்டிருந்தார்கள். பந்தயத்தன்று எடுத்துவிட்டார்கள். பலகை இருக்கும் என்று நம்பி வந்த மாத்யூ வான் டெர் பூல் முதல் சுற்றிலேயே தலைகுப்புற விழுந்தார், பிறகு விலகிவிட்டார். தங்கம் டாம் பிட்காக்குக்குப் போனது. திறமையிலோ தைரியத்திலோ வண்டியிலோ வான் டெர் பூலுக்கு என்ன குறை? பாதை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்ற ஒரே தகவல்தான் குறைந்தது.

புதுச்சங்கிலிக்கு: கறுப்பு வைரப் பாதையை முழுசாக எடுக்காதீர்கள். உங்களை நிறுத்தும் அந்த ஒரு இறக்கத்துக்குப் போங்கள். வண்டியைச் சாய்த்துவிட்டு, கீழிருந்து மேலே நடங்கள். கீழிருந்து பார்த்தால் பல பாறைகள் பாதி உயரம்தான். எங்கே பிரேக்கை முழுக்க விட வேண்டும் என்று ஒரு கல்லையோ வேரையோ குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசிப் பகுதியை மட்டும் ஓட்டுங்கள். அது அலுத்துப் போனதும் நாலடி மேலே போய்த் தொடங்குங்கள். அப்படியே மேலே மேலே. முழு இறக்கத்தையும் ஓட்டும் நேரத்தில், உங்களுக்குத் தெரியாத இடம் என்று அதில் நாலடிக்கு மேல் இருக்காது. மனசு ஒப்பவில்லையா, அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு நீலப் பாதையில் ஜாலியாகச் சுற்றிவிட்டுப் படகேறுங்கள்.

வேகவரதன்:
அக்கா, சாங்கி முனையில பன்னிரண்டு பேர் சேர்ற வரைக்கும் படகுக்குக் காத்திருந்து, சைக்கிளுக்குத் தனியா காசு குடுத்து அங்க போறது ஒரே இறக்கத்துல ஏறி ஏறி இறங்கவா? உடம்பு ஓடி ஓடித்தான் கத்துக்கும்.

தேன்மொழி_ஈசூன்:
ஆமாம், அதற்குத்தான். ஒரே இறக்கத்தை ஒரு காலையில் எட்டுப் பத்து தடவை செய்வதும், முழுப் பூங்காவையும் சுற்றிவந்து அந்த இறக்கத்தைக் களைத்துப்போய் ஒரே தடவை செய்வதும் ஒன்றா? படகு செலவு பெரிதாகத் தெரிந்தால் செஸ்ட்நட்டில் பம்ப் ட்ராக் (மேடும் பள்ளமுமாக அமைத்த பயிற்சிப் பாதை) இருக்கிறது. பெடலே மிதிக்காமல், மேட்டில் உடம்பை லேசாக்கி, பள்ளத்தில் அழுத்தி வேகம் எடுக்கப் பழகுங்கள். வேரின் மேல் சக்கரம் முட்டாமல் போவதும் அதே அசைவுதான். தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா இருந்தவரை படகுப் பேச்சே இல்லை. 2010 இளையர் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயங்கள் நடந்த இடத்தை 2014இல் மூடிவிட்டார்கள், அந்த வயிற்றெரிச்சல் வேறு கதை.

நீலகிரி_மேகம்:
குன்னூரிலிருந்து. நீலம், கறுப்பு என்று பலகை வைத்த பாதையில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். இங்கே தேயிலைத் தோட்டத்துப் பாதைக்கு எஸ்டேட்டில் அனுமதி கேட்க வேண்டும். காட்டுக்குள் என்றால் வனத்துறை. அதையும் தாண்டினால் அட்டை, வளைவில் காட்டெருமை. இறக்கம் எவ்வளவு கஷ்டம் என்று காட்டெருமை பலகை வைப்பதில்லை.

இவ்வளவு பேர் பேசினீர்கள், யாரும் கேட்காத ஒன்று. புதுச்சங்கிலி சார், டயரில் காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? சாலையிலிருந்து வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

புதுச்சங்கிலி:
45 பிஎஸ்ஐ. 29 அங்குலச் சக்கரம், 2.25 டயர், உள்ளே டியூப். நான் 72 கிலோ.

நீலகிரி_மேகம்:
கிடைத்துவிட்டது. 45இல் டயர் கல் மாதிரி இருக்கும். வேரில் பட்டால் அணைத்துக்கொள்ளாமல் துள்ளும், ஈர வேரில் வழுக்கும். அந்தத் துள்ளல் நேராகக் கைக்கு வரும். கை இறுகும், இறுகிய கை பிரேக்கைப் பிடிக்கும். டியூப் இருப்பதால் ஒரேயடியாக இறக்காதீர்கள். ரொம்பக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 30இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். ரிம்மும் டயரும் இடம்கொடுத்தால் டியூப்லெஸ் ஆக்கிவிடுங்கள். அப்புறம் உங்கள் எடைக்கு 22, 24இல் தாராளமாக ஓட்டலாம்.

ஹார்ட்டெய்ல்_தாத்தா:
நாலாயிரம் வெள்ளிப் பிரச்சினையைக் காற்றைப் பிடுங்கியே தீர்த்துவிட்டார்.

சேற்றுச்சக்கரம்:
தீர்க்கவில்லை, குறைத்தார். காற்றைக் குறைத்தாலும் ஹெட் ஆங்கிள் 71தான். சீட்டும் அதே உயரத்தில்தான் நிற்கும். தாத்தா சொன்ன நிலையில் பின்னால் நகர்ந்து உட்காரப் பாருங்கள், சீட் எங்கே இடிக்கிறது என்று தெரியும். மோசமான வண்டியில் கஷ்டப்பட்டுப் பழகினால்தான் திறமை வரும் என்பது எனக்கு ஒப்பவே ஒப்பாத பேச்சு. பயத்தோடு பழகுகிறவர் பயத்தைத்தான் பழகுகிறார். இறுகிய தோளோடு ஐம்பது தடவை இறங்கினால், தோளை இறுக்குவதில்தான் கெட்டிக்காரர் ஆவார்.

தேன்மொழி_ஈசூன்:
இதில் சேற்றுச்சக்கரம் பக்கம் நான். அதனால்தான் அலுத்துப்போகும் அளவுக்குச் சுலபமான பகுதியில் ஆரம்பிக்கச் சொன்னேன். ஆனால் உங்கள் வாதம் உயர்த்தி இறக்கும் சீட் போஸ்ட் வரைக்கும்தான் நிற்கிறது, புது வண்டி வரைக்கும் போகவில்லை. ஒரு ட்ராப்பர் போட்டால், ஹேண்டில்பாரில் இருக்கும் நெம்புகோலை அழுத்தியதும் சீட் கீழே போய்விடும். அதற்கு நாலாயிரம் தேவையில்லை.

வேகவரதன்:
அண்ணே, பெடல் என்ன? சாலை ஆளுன்னா ஷூ மாட்டுற கிளிப் பெடலா இருக்குமே?

புதுச்சங்கிலி:
ஆமாம், கிளிப்தான். கழற்றிவிட வேண்டுமா?

வேகவரதன்:
உடனே! நின்ன இடத்துலயே சாயுறீங்கன்னு சொன்னப்பவே நெனச்சேன். நாங்க நின்னா கால் ஊன்றோம், உங்களால ஊன்ற முடியல. ஆஸ்திரேலியாக்காரர் சாம் ஹில், மலை இறக்கப் பந்தயமான டவுன்ஹில்ல உலகப் பட்டத்தையும், 2017, 2018, 2019னு தொடர்ந்து மூணு வருஷம் எண்டூரோ வேர்ல்ட் சீரீஸ்ங்கற பந்தயத் தொடரையும் ஷூ மாட்டாத தட்டைப் பெடல்லதான் ஜெயிச்சார்.

சேற்றுச்சக்கரம்:
அவரோடு மோதியவர்களில் பெரும்பாலோர் கிளிப்பில்தான் இருந்தார்கள். கரடுமுரடான இடத்தில் கால் பெடலை விட்டுத் துள்ளாது என்பது சின்ன விஷயமா?

ஹார்ட்டெய்ல்_தாத்தா:
கால் துள்ளுகிறது என்றால் குதிகால் இறங்கவில்லை என்று அர்த்தம். கிளிப் அதை மறைத்துவிடும். தட்டைப் பெடல் காட்டிக்கொடுக்கும்.

நெறியாளர்:
பெடல் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே இறக்கம், வண்டி, பயம் மட்டும். இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை, கறுப்பு வைரம் பழகும் வரை தட்டைப் பெடல் என்பதில் சேற்றுச்சக்கரத்துக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சேற்றுச்சக்கரம்:
பழகும் வரை. சரி.

புதுச்சங்கிலி:
எல்லாருக்கும் நன்றி. தட்டைப் பெடல் வாங்கியாகிவிட்டது. காற்று 29. நேற்று திடலில் முன் பிரேக் பயிற்சி செய்து பார்த்தேன். பின் சக்கரம் தூக்குவதற்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இத்தனை நாள் பின் பிரேக்கை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். அது சறுக்கும்போதெல்லாம் வண்டி கைமீறிப் போகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை தேன்மொழி அக்கா சொன்ன மாதிரி கீழிருந்து தொடங்கப் போகிறேன். வேகவரதன், நீங்களும் வந்தால் நல்லது. முன்னால் போக வேண்டாம், பக்கவாட்டில் நின்று என் தலை எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். போன தடவை இடது பக்கத்து மரத்தையே பார்த்துக்கொண்டு அதன் மேலேயே போனதாக நண்பர் சொன்னார்.

வேகவரதன்:
வரேன் அண்ணே. மரத்தப் பாத்தா வண்டி மரத்துக்குத்தான் போகும், இதுல மட்டும் இங்க யாருக்கும் சண்டை கிடையாது. முதல் படகு.

புதுச்சங்கிலி:
இன்னொன்று. ட்ராப்பர் வாங்கலாம் என்று சீட் போஸ்ட்டை உருவிப் பார்த்தேன். அடியில் 27.2 என்று போட்டிருக்கிறது. சரிதானே?

சேற்றுச்சக்கரம்:
பார்த்தீர்களா! பழைய குழாய் அளவு. இப்போதைய ட்ராப்பர்கள் பெரும்பாலும் 30.9, 31.6க்குத்தான் வருகின்றன. ஃபிரேமுக்குள் கேபிள் போக ஓட்டையும் இருக்காது. இந்த ஒட்டுப்போடும் காசைச் சேர்த்துவைத்தால் புது வண்டிக்கு ஆகும்.

ஹார்ட்டெய்ல்_தாத்தா:
27.2இல் குறைவாகத்தான் வரும், வராமல் இல்லை. கேபிளை வெளியிலேயே ஓட்டும் மாடல் பார்த்து வாங்குங்கள் தம்பி. அது வந்து சேரும் வரைக்கும் இறக்கத்துக்கு முன்னால் இறங்கி, கிளாம்பைத் தளர்த்தி, சீட்டைக் கையால் கீழே தள்ளுங்கள்.

சேற்றுச்சக்கரம்:
ஒவ்வொரு இறக்கத்துக்கும் இறங்கி ஏறியா? சனிக்கிழமை என் ட்ரெயில் வண்டியை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். அதே இறக்கத்தைப் புதுச்சங்கிலி இரண்டு வண்டியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதட்டும்.