சிகாகோவின் கறுப்பினக் கவிஞர்கள் தம் ஊராருக்கு வாசிக்கும் கூட்டங்கள்: எதைத் தெரிந்துகொண்டு போகலாம்?

கேள்வி

வணக்கம். சிகாகோவின் தெற்குப் பகுதிக்கு அண்மையில்தான் குடிவந்தேன். இங்குள்ள கிளை நூலகத்தில், இதே வட்டாரத்துக் கறுப்பினக் கவிஞர்களும் எழுத்தாளர்களும் தம் படைப்புகளை வாசிக்கும் கூட்டம் ஒன்று நடக்கவிருக்கிறது. கவியரங்கங்களைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் போக மிகவும் விரும்புகிறேன். இத்தகைய கூட்டங்கள் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் வேரூன்றியது எப்படி என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

இதற்கு விடை தேட 1932-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு தெற்குப் பகுதியில் ஜார்ஜ் கிளீவ்லாந்து ஹால் கிளை நூலகம் திறக்கப்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் விவியன் ஹார்ஷ். சிகாகோ பொது நூலகத்தின் கிளை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பின வரலாற்றையும் இலக்கியத்தையும் பற்றிய நூல்களை அரும்பாடுபட்டுத் திரட்டிய அவர், அலமாரிகளை நிரப்பியதோடு நின்றுவிடாமல், நூல் விமர்சனத்துக்கும் சொற்பொழிவுக்கும் ஒரு மன்றத்தையே அங்கு நடத்தினார். லாங்ஸ்டன் ஹியூஸ், ரிச்சர்ட் ரைட், சோரா நீல் ஹர்ஸ்டன் போன்ற புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர்கள் அந்த நூலகத்துக்கு வந்து, தாம் யாரைப் பற்றி எழுதினார்களோ அதே மக்களின் முன்னிலையில் பேசினார்கள். பெரிய அரங்குகளின் கதவுகள் எளிதில் திறக்காத காலத்தில், தம் தெருவின் நூலகத்தையே அவர்கள் அரங்காக்கிக்கொண்டார்கள். ஹார்ஷின் பெயர் நம் வாசகர்களிடையே அதிகம் அறியப்படாதது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பதில் 2

மேலே சொன்னதோடு கவிஞர் குவெண்டலின் புரூக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்குப் பகுதியில் வளர்ந்து, அங்குள்ள சமூகக் கலை மையத்தில் 1941-இல் நடந்த கவிதைப் பட்டறையில் பயின்றவர். 1950-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் என்றே பலரும் அவரை அறிமுகப்படுத்துவார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பின் அவர் செய்ததுதான் இன்னும் பெரிது. புகழின் உச்சத்தில் இருந்தவர், 1967-க்குப் பிறகு இளம் கறுப்பினக் கவிஞர்களோடு சேர்ந்து மதுக்கடைக்குள் சென்று, குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கவிதை வாசித்திருக்கிறார். அதே 1967-இல், கறுப்பின நாயகர்களின் உருவங்கள் தீட்டப்பட்ட 'மரியாதைச் சுவர்' 43-ஆம் தெருவில் எழுந்தபோது, அதற்கெனக் கவிதை எழுதி, தெருவில் கூடியிருந்தவர்களுக்கு வாசித்தார். கேட்பவர் இருக்கும் இடத்துக்குக் கவிதை செல்ல வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சியாகவே நீங்கள் போகவிருக்கும் கூட்டத்தை நான் பார்க்கிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வெளியாளான நான் அங்கு போய் அமர்வது பொருத்தமாக இருக்குமா?

பதில் 3

தாராளமாகப் போகலாம், பொது நூலகத்தின் கூட்டம் எல்லோருக்கும் உரியது. ஆனால், அங்கு வாசிப்பவர் முதலில் தம் அண்டை வீட்டாரோடு பேசுகிறார் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நமக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு தெருப்பெயரையும் அவர் விளக்க மாட்டார், விளக்க வேண்டியதுமில்லை. தேவாலய வழிபாட்டிலிருந்து வந்த வழக்கப்படி, பிடித்த வரிக்கு அவையினர் வாய்விட்டே பதில் கொடுப்பதுண்டு. கவியரங்கில் 'மறுமுறை' என்று குரல் எழுப்பிப் பழகிய உங்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

வாசித்தவரின் நூல் விற்பனைக்கு இருந்தால் வாங்கிவிடுங்கள். இந்தக் கவிஞர்களில் பலரை வாழவைத்தவை சிறு பதிப்பகங்களே. ஹாக்கி மதுபுட்டி என்ற கவிஞர் 1967-இல் 400 டாலரையும் ஒரு நகலெடுக்கும் பொறியையும் கொண்டு தொடங்கிய 'தேர்ட் வேர்ல்ட் பிரஸ்' இங்கிருந்து எழுந்ததுதான். ஹார்ஷ் திரட்டிய நூல்கள் இன்று அவர் பெயரிலேயே கார்ட்டர் உட்சன் வட்டார நூலகத்தில் உள்ளன. கூட்டத்துக்கு முன்பே ஒரு நாள் அங்கு சென்று வந்தால், மேடையில் ஒலிக்கப்போகும் பல பெயர்கள் உங்களுக்கு முன்னமே அறிமுகமாகியிருக்கும்.