1974-க்குப் பிறகு: மலேசிய மாணவர் அரசியலை இஸ்லாம் வளர்த்ததா, முடக்கியதா?

செல்வம்:
கெடா மாநிலத்துப் பாலிங் ஊர் ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காக 1974 டிசம்பரில் கோலாலம்பூர் தெருவில் இறங்கிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்று பேச்சு ரப்பர் விலை, அரிசி விலை. சில ஆண்டுகளில் அதே வளாகங்களில் உடையும் ஒழுக்கமும்தான் பேச்சு. ஏழைக்காகக் குரல் கொடுத்த கூட்டத்தை, மக்களை மார்க்கத்தின் பக்கம் அழைக்கும் தஃவா இயக்கம் தொழுகைக் கூடத்துக்குள் உட்கார வைத்துவிட்டது.

நஸீமா:
செல்வம் அண்ணே, மலேசிய இஸ்லாமிய இளைஞர் இயக்கமான அபிம் 1971-லேயே தொடங்கியாயிற்று. பாலிங் போராட்டத்துக்காக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போன அன்வார் இப்ராஹிம் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். மார்க்கப் பற்றும் ஏழை மீதான அக்கறையும் அவர்களிடம் சேர்ந்தே இருந்தன. வளாகத்தை முடக்கியது 1975-இல் இறுக்கப்பட்ட பல்கலைக்கழகச் சட்டம். மாணவர்கள் கட்சியில் சேரக்கூடாது, ஆதரவுகூடத் தெரிவிக்கக்கூடாது என்றது அது. மாணவர் சங்கத்தைக் கட்டிப்போட்ட பிறகு, நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஓதிப் பேசும் உஸ்ராவைத் தவிர எங்கே கூடுவது?

செல்வம்:
சரி, கூடட்டும். யார் கூட முடியும்? மாணவர் சங்கக் கூட்டத்தில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். உஸ்ராவில் எங்களுக்கு இடம் ஏது? அப்புறம், 1982-இல் அன்வாரே அன்றைய ஆளுங்கட்சியான அம்னோவில் சேர்ந்துவிட்டார்.

இளங்கோ:
எனக்கு இதில் சட்டம்தான் முக்கியம். 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே இருந்ததற்காக நான்கு அரசியல் அறிவியல் மாணவர்கள் மீது பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகச் சட்டத்தின் அந்தத் தடைப்பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்றது. கேட்டது பேச்சுரிமை, கிடைத்ததும் அதுதான். எந்த மதத்துப் பிள்ளைக்கும் அது பொருந்தும்.

நஸீமா:
அந்தத் தீர்ப்பு எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 1981-ஐ மறக்க வேண்டாம். அமைப்புகள் மீது அரசின் பிடியை இறுக்கிய சங்கங்கள் சட்டத் திருத்தத்தை எதிர்த்து முஸ்லிம் அல்லாத அமைப்புகளும் ஒன்றுசேர்ந்தபோது முன்னால் நின்றவர் அபிம் தலைவராக இருந்த அன்வார். இடமில்லை என்கிறீர்களே அண்ணே, அங்கே எல்லாருக்கும் இடம் இருந்தது.

செல்வம்:
அது படிப்பை முடித்து வெளியே போனவர்கள் நடத்திய போராட்டம். நாம் பேசுவது மாணவர்களைப் பற்றி.

நஸீமா:
வெளியே போனவர்கள் கூட்டம் கூட்டவும் அறிக்கை எழுதவும் பழகியது எங்கே? முஸ்லிம் மாணவர்களின் தேசியச் சங்கமான பிகேபிஐஎம் 1961-லிருந்தே இருக்கிறது. அபிமுக்கு முன்னால் அன்வார் தலைவராக இருந்தது அதில்தான்.