ஹோவர்போர்டு விடாமல் பீப் அடித்தபோது என்ன செய்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

நொய்யல் (கோவை)

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு மகளுக்கு வாங்கிக் கொடுத்த ஹோவர்போர்டு, இரு சக்கரங்களுக்கு நடுவே நின்றபடி சாய்ந்து ஓட்டும் மின்பலகை. ஆறரை அங்குலச் சக்கரம், நடுவில் முறுகித் திரும்பும் சாதாரண வகை. ஆண்டுத் தேர்வு வந்ததும் பரணில் ஏற்றிவிட்டோம். நான்கு மாதம் கழித்து இறக்கிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கும் ஓயாத பீப் ஒலியும்தான். வலது பாதப் பலகையில் கால் வைத்தால் உதறியது. இடது பக்கம் தானாகப் பின்னால் நகர்ந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாங்கிய கடையில் தொலைபேசியிலேயே வழி சொன்னார்கள். கருவியை அணைத்த நிலையில், இரண்டு பாதப் பலகைகளும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு தரையில் வைத்துப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்து முதல் பத்து விநாடிக்குள் விளக்குகள் மின்னும், தொடர்ந்து சில பீப் ஒலிகள் கேட்கும். விரலை எடுத்து, அணைத்து, மறுபடி இயக்க வேண்டும். சாய்வை உணரும் கைரோ சென்சாருக்கு எது சமநிலை என்று புதிதாகக் கற்றுக்கொடுப்பதுதான் இது.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பீப் நின்றது. ஆனால் ஏறியதும் பலகை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. நான் இதைச் செய்த இடம் மொட்டை மாடி. மழைநீர் குழாய்க்கு ஓட வேண்டும் என்பதற்காகக் கொத்தனார் தளத்தைச் சரிவாகத்தான் போட்டிருப்பார். அந்தச் சரிவையே சமம் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, குமிழ் நடுவில் நின்ற ஓடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்காம் முறை செய்தேன். பிறகு நேராக நின்றது.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. மகள் இறங்கிய பிறகும் சில நேரம் ஒரு சக்கரம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் கருவி எப்போது, எதற்காக ஒலித்தது என்பதையும் எழுதுங்கள்.

அலைவாய் (சென்னை)

நொய்யல் அவர்களே, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பீப் ஒலியை மதிக்காததால் என் இடது மணிக்கட்டு முறிந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டிய சாலை, மாலை ஆறரை மணி. மகன் இறங்கிவிட்டான், வீடுவரை நான் ஓட்டி வருகிறேன் என்று ஏறினேன். பேட்டரி குறைவு என்று பீப் அடிக்கத் தொடங்கியது. வீடு முந்நூறு மீட்டர்தான். வண்டியில் பெட்ரோல் ரிசர்வுக்கு வந்தாலும் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறோமே என்ற நினைப்பு. கொஞ்சம் வேகமாகப் போய்விடலாம் என்று முன்னால் சாய்ந்தேன். அடுத்த நொடி பலகை காலடியில் செத்துவிட்டது. நான் முகம் குப்புறப் போய்க் கையை ஊன்றினேன்.

கட்டுப் போட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தபோது இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்தால் மெதுவாக நிற்கும், நாம் கால் ஊன்றிக்கொள்ளலாம். இந்தக் கருவி அப்படி நிற்க முடியாது. நாம் முன்னால் சாயும்போது உண்மையில் விழத் தொடங்குகிறோம். மோட்டார் சக்கரத்தை நமக்கு அடியில் முன்னுக்குத் தள்ளி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு சாய்கிறோமோ அவ்வளவு விசை அதற்கு உடனே வேண்டும். பேட்டரியில் பத்து செல்கள் வரிசையாக இருக்கின்றன. முழுதாக ஏறியிருந்தால் 42 வோல்ட். தீரும் தறுவாயில் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுத்தால் மின்னழுத்தம் சரிகிறது, பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது. பேட்டரி குறைந்த நேரத்தில் செய்யவே கூடாதது வேகமாகச் சாய்வது. நான் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்று. பீப் வந்ததும் அணைத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டால் விளக்கு பச்சையாகத் தெரியும். சுமையில்லாதபோது மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி நிற்பதால் வரும் தோற்றம் அது. ஏறி நின்றதும் மறுபடி சரியும். குழந்தைகள் இதைப் பார்த்து 'சரியாகிவிட்டது அப்பா' என்பார்கள். சரியாகவில்லை. தூக்கிக்கொண்டு நடந்து வாருங்கள்.

மின்வினைஞர் (மதுரை)

பதினோரு ஆண்டுகளாக மின்னணுப் பழுது பார்க்கிறேன். ஹோவர்போர்டுகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. வருபவற்றில் பாதிக்குமேல், மோட்டார் போய்விட்டது, புதிதே வாங்குங்கள் என்று வேறெங்கோ சொல்லி அனுப்பப்பட்டவை. திறந்துகூடப் பார்க்காமல் சொல்லப்படுகிற இந்த வார்த்தை எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால், ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் மதர்போர்டு. பெரும்பாலான மாதிரிகளில் மதர்போர்டின் மேல் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அது சில முறை மின்னி, சற்று நின்று, மறுபடி அதே எண்ணிக்கையில் மின்னும். அந்த எண்ணிக்கைதான் பழுதின் பெயர். நான் அதிகம் பார்த்த போர்டுகளில் நான்கும் ஐந்தும் இரு மோட்டார்களின் ஹால் சென்சார்கள் (சக்கரத்தின் நிலையை உணர்பவை), ஆறு பேட்டரி, ஏழும் எட்டும் இரண்டு பக்கத்துக் கைரோக்கள். எல்லாத் தயாரிப்பிலும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், போர்டுக்குப் போர்டு மாறும்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கருவி ஐந்து முறை மின்னியது. மோட்டாரை மாற்றச் சொல்லியிருந்தார்களாம். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் மூன்று தடித்த கம்பிகளும் ஐந்து மெல்லிய கம்பிகளும் வரும். மெல்லியவற்றில் சிவப்பும் கறுப்பும் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுப்பவை. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டுக்குத் தகவல் சொல்பவை. மல்டிமீட்டரின் முனையை ஒவ்வொன்றாக அந்த மூன்றிலும் வைத்துச் சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றினேன். மஞ்சளும் நீலமும் பூஜ்ஜியத்துக்கும் ஐந்து வோல்ட்டுக்குமாக ஒழுங்காக மாறி மாறிக் காட்டின. பச்சை அசையவே இல்லை. கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனால், அச்சுக்கு அருகில் உலோக விளிம்பில் உராய்ந்து உள்ளே அறுந்திருந்தது. மேல் உறை முழுதாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இருபது நிமிட வேலை. அந்த மாணவர் மோட்டாருக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் தப்பியது.

ஏழோ எட்டோ மின்னினால் உடனே கைரோ போர்டு வாங்காதீர்கள். இரண்டு பக்கத்துக் கைரோ போர்டுகளும் ஒரே மாதிரியாக இருந்தால் இடம் மாற்றிப் பொருத்துங்கள். ஏழு எட்டாக மாறினால் பழுது அந்தப் போர்டில். மாறாமல் ஏழாகவே நின்றால் கம்பியிலோ கனெக்டரிலோ. குலுங்கிக் குலுங்கி ஓடுகிற கருவி இது, கனெக்டர் தளர்வதுதான் நான் அதிகம் காண்பது.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வழுவழுவென்று சுற்றினால் நல்லது. தட்டித் தட்டி, பிடித்து இழுப்பதுபோல் கனமாகச் சுற்றினால் உள்ளே ஏதோ ஷார்ட். திறந்து, தடித்த மூன்று கம்பிகளையும் கழற்றி, அவை ஒன்றையொன்று தொடாமல் விலக்கி வைத்து மறுபடி சுற்றினால் தெரிந்துவிடும். இலகுவானால் மதர்போர்டில் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் எரிந்திருக்கிறது. அப்போதும் கனத்தால் மோட்டாரின் கம்பிகள். உள்ளே எதையும் கையால் தொடுவதற்கு முன்பு பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

நொய்யல் ஐயா, உங்கள் மகள் இறங்கிய பிறகும் அதிர்வதற்குக் காரணம் அநேகமாகப் பாதத்தின் ரப்பர் விரிப்பு. அதன் அடியில் உள்ள சிறு நாக்கு, கால் பட்டதும் ஓர் ஒளி சென்சாரின் இடைவெளியில் இறங்கி ஒளியை மறைக்கும். ஆள் நிற்கிறார் என்று கருவி அறிவது அப்படித்தான். நான்கு மாதம் பரணின் வெக்கையில் கிடந்த ரப்பர் வளைந்து, கால் எடுத்தும் நாக்கு மேலே எழாமல் இருக்கலாம். விரிப்பைக் கழற்றித் தூசியைத் துடைத்து, நேராக அமர்த்திப் பாருங்கள்.

தேயிலைச்சரிவு (குன்னூர்)

எனக்கு நேர்ந்ததை மூன்று பேரிடம் சொல்லியும் நம்பவில்லை. பத்து அங்குலச் சக்கரமும் முழங்காலால் திருப்பும் தண்டும் உள்ள பெரிய வகை என்னுடையது. குடியிருப்பு மேட்டில், தொழிற்சாலை கீழே, நடுவே எங்கள் எஸ்டேட்டின் சொந்தச் சாலை. காலையில் முழுச் சார்ஜுடன் புறப்பட்டால் இருநூறு மீட்டர் இறங்குவதற்குள் அலாரம் அலறும், பலகை என்னைப் பின்னுக்குத் தள்ளும். மாலையில் மேலே ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. விற்றவர்கள் சார்ஜரை மாற்றினார்கள், பேட்டரியையும் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

ஒரு வாரம் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். எப்போதெல்லாம் ஒலித்தது என்று பார்த்தால் எல்லாமே காலை, எல்லாமே இறக்கம். முதல் நாள் இரவு சார்ஜ் போட மறந்த வியாழக்கிழமை மட்டும் ஒலிக்கவில்லை. அங்கேதான் விடை கிடைத்தது. இறக்கத்தில் நம்மைத் தடுத்து நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, மின்னழுத்தம் எல்லையைத் தாண்டுகிறது. அதையும் மீறி இறங்கினால் கருவியால் என்னைப் பிடித்து நிறுத்தவே முடியாது. குறை கருவியில் இல்லை, மலையுச்சியில் முழுதாகச் சார்ஜ் போட்ட பழக்கத்தில்.

இப்போது முக்கால் பங்கோடு சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன். ஆறு மாதமாக ஒலி இல்லை. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ஓட்டுபவர்கள் பேட்டரிக்குச் செலவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

தெம்பனிஸ் வாசி (சிங்கப்பூர்)

குன்னூர் நண்பர் சொன்ன 'பின்னுக்குத் தள்ளுவது' பற்றி ஒரு சொல். வேக எல்லையை நெருங்கினாலும் அதுவே நடக்கும். காதில் ஹெட்போன் இருந்தாலும் பாதம் உணரும் அலாரம் அது. புதிதாக ஓட்டுபவர்கள் அதோடு மல்லுக்கட்டி உடலை முன்னால் அழுத்துகிறார்கள். மோட்டாரிடம் கடைசியாக மிச்சமிருக்கும் விசையை அப்படிப் பிடுங்கிக்கொண்டால் உங்களைத் தாங்க அதனிடம் ஒன்றும் இராது. இடுப்பைப் பின்னால் கொண்டுவாருங்கள், வேகம் தானே இறங்கும்.

இங்கே 2020 ஜூலை முதல் யுஎல் 2272 தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத கருவிகளைப் பொதுப் பாதைகளில் ஓட்டக் கூடாது. என் பழைய பலகையில் அந்தச் சான்று இல்லை. மனம் வரவில்லைதான், இருந்தாலும் முறைப்படி ஒப்படைத்துவிட்டேன்.

காவிரிக்கரை அம்மா (திருச்சி)

எங்கள் வீட்டில் நடந்ததை எழுத இவ்வளவு நாள் தயங்கினேன். சார்ஜ் போட்டிருந்த நேரத்திலேயே பீப் அடித்தது. ஓட்டும்போது அடித்தால் பேட்டரி குறைவு என்போம், சுவரில் மாட்டியிருக்கும்போது ஏன்? அதற்கு முன் ஒரு வாரமாகவே ஓர் அடையாளம் தெரிந்தது, நான்தான் கவனிக்கவில்லை. சார்ஜ் ஏறும்போது சிவப்பாக இருந்து, நிறைந்ததும் பச்சையாக வேண்டிய சார்ஜர் விளக்கு, மாட்டிய உடனே பச்சையாகிக்கொண்டிருந்தது. அன்று கிட்டே போனால் பெயின்ட் தின்னர் போல, கொஞ்சம் இனிப்பான ஒரு வாடை. அடிப்பக்கம் சுட்டது.

சுவரில் சுவிட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கினேன். என் கணவர் அதைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில், துணி, விறகு எதுவும் இல்லாத சிமெண்ட் தரையின் நடுவில் வைத்தார். இரவு முழுதும் கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தீப்பிடிக்கவில்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றார்களே, அது பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத்தான். செய்தியாகப் படித்தபோது தொலைவில் இருந்தது. அன்றிரவு எங்கள் கொல்லையில் இருந்தது.

பிறகு பழுது பார்த்தவர் பத்து செல்களையும் தனித்தனியே அளந்தார். ஒன்பது நன்றாக இருந்தன, ஒன்று பாதிக்கும் கீழே கிடந்தது. அந்தப் பலவீனமான செல்லைப் பார்த்துத்தான் காப்புச் சுற்று சார்ஜை நிறுத்தியிருக்கிறது. இன்னொரு கடையில், காப்புச் சுற்றைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிறேன், பீப் நின்றுவிடும், செலவும் குறைவு என்றார்கள். சகோதரிகளே, இதற்கு மட்டும் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நொய்யல் (கோவை)

மின்வினைஞர் அவர்களுக்கு நன்றி. வலது ரப்பர் விரிப்பின் ஓரம் உண்மையிலேயே வளைந்துதான் இருந்தது. துடைத்து, வெயில் படாத இடத்தில் ஒருநாள் கனமான புத்தகத்தின் கீழ் வைத்துப் பொருத்தினேன். அதிர்வு இல்லை.

திருச்சி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சார்ஜர் விளக்கையும் இன்று பார்த்தேன். மாட்டியதும் சிவப்பு, ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் பச்சை. பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன்.